இரட்டைக் கடுக்கன் சட்டம்

ஏழு கடலுக்கு அப்பால் என்று தொடங்க ஆசைதான். ஆனால் மேனியூர் நாடு அவ்வளவு தூரத்தில் இல்லை. அங்கே சுண்ணார் என்றொரு குலம். கோட்டை கட்டுவது, தலைநகருக்குச் சேதி சுமப்பது எல்லாம் அவர்கள் பொறுப்பு. காதில் இரட்டைக் கடுக்கன் போட்டிருப்பார்கள். அதனால் நாட்டு வாயிலில் ஒரே சட்டம்: இரட்டைக் கடுக்கன் இருந்தால் உள்ளே, இல்லையென்றால் வெளியே. முகத்தைப் பார்ப்பது மரியாதைக் குறைவு.

வாயில் அதிகாரி கடம்பனாருக்கு இந்தச் சட்டத்தில் அலாதிப் பெருமை. ஒரு நாள் சாம்பல் நிறத்தில் தடித்த ஆசாமிகள் சிலர் வந்து நின்றார்கள். தங்களை ஈயார் என்று சொல்லிக்கொண்டார்கள். கடம்பனார் காதை மட்டும் பார்த்து, "வருக வருக!" என்று கும்பிட்டார்.

அவர் மனைவி செங்கமலத்துக்குச் சிவப்புக்குட ஆலையில் வேலை. அந்தக் குடங்களில்தான் வீடு வீடாகக் காற்று போகும். அன்று அவள் பாதி நாளிலேயே திரும்பி வந்தாள்.

"என் முக்காலில எவனோ ஒருத்தன் வந்து உக்காந்துகிட்டான். வேலையும் செய்யல, எந்திரிக்கவும் மாட்டேங்கறான். ஆலையே நின்னுபோச்சு!"

"கடுக்கன் எத்தனை?"

"ரெண்டு."

"அப்படியானால் முறைப்படி வந்தவர். வாயை மூடு."

குடங்கள் குறைந்தன. வீடுகளில் அடுப்பு எரியவில்லை, புகைதான் வந்தது. ஜனங்களுக்கு மூச்சு வாங்கியது. அமைச்சர் ஆணை பிறப்பித்தார்: "மூச்சு வாங்குவது சோம்பேறிகளின் பழக்கம். இன்றுமுதல் தடை."

அடுத்த ஆணையில் ஈயார் சேதிக்காரர்களானார்கள். சேதி இருந்தால் விழுங்கினார்கள். இல்லாதபோது தெருத்தெருவாகக் கூவினார்கள். புகார் ஒன்றுகூட வரவில்லையென்று சபை மகிழ்ந்துபோய், எலும்புக் கோட்டையிலேயே அவர்களுக்கு நிரந்தரக் குடியிருப்பு கொடுத்தது. அங்கே குடியேறியவர்களைக் கிளப்புவது லேசுப்பட்ட காரியமா?

ஒரு காலையில் செங்கமலம் அடுப்படியில் சாய்ந்துவிட்டாள். உதடு நீலம் பாரித்திருந்தது.

"குடம் வந்துச்சா?" என்றாள்.

 கடம்பனார் வாயிலுக்கு ஓடினார். வாழ்க்கையில் முதல்முறையாக, வந்தவர்களின் முகத்தைப் பார்த்தார். அத்தனையும் சாம்பல் முகம். வரிசையின் கடைசியில் சுண்ணார் கிழவர் ஒருவர் பசியோடு நின்றுகொண்டிருந்தார்.

"கதவைச் சாத்துங்கடா!" என்று அலறினார் கடம்பனார்.

"சட்டத்தை மீறிவிட்டீர்" என்றார் அமைச்சர். கடம்பனார் பதவி போனது. புது வாயில் அதிகாரியாக ஓர் ஈயார் அமர்ந்தார்.

அப்போது வானத்திலிருந்து ஒரு குரல் இடித்தது: "எத்தன தடவ சொன்னாலும் மண்டைல ஏறாதாடா? மக்குப்பயலே!"

அமைச்சர் முகம் மலர்ந்தது. "கேட்டீர்களா? குறை நாட்டின்மீதாம். ஆட்சியின்மீது இல்லை!"

மேனியூர் என்பது ஐந்து வயதுப் பையன் ஒருவனின் உடம்பு என்பதை இப்போதாவது சொல்லிவிட வேண்டும். சுண்ணார் அவன் எலும்பைக் கட்டும் சுண்ணாம்புச் சத்து; ஈயார் ஈய நஞ்சு. குரல் அவன் வாத்தியாருடையது. திட்டு வாங்கிய பையன் வகுப்பு ஜன்னலில் உரிந்த பச்சைப் பெயின்ட்டைச் சுரண்டி வாயில் போட்டுக்கொண்டான். ஈயம் கலந்ததால் லேசாக இனித்தது.

அந்தப் பெயின்ட் பள்ளிக்கு வந்த அன்று மேலதிகாரி ஒருவர் நேரில் வந்து சோதித்தார். டப்பாவின்மேல் இரண்டு முத்திரை இருந்தது. உள்ளே என்ன என்று பார்ப்பது மரியாதைக் குறைவு என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.