துண்டுக்குள் ஒரு கிணறு

துண்டுத் தரகரிடம் பேரம் பேசாமல் தப்பியவர் திண்டிவனத்தில் ஒருவரும் இல்லை. மாட்டுச் சந்தையில், எதிராளியின் கைமேல் துண்டைப் போட்டு, அதற்குள் விரல்களைப் பிடித்து விலை பேசுவது அவர் தொழில். எத்தனை விரல் என்பது பக்கத்தில் நிற்பவனுக்குத் தெரியாது. விழுப்புரம் பஸ்ஸில் கண்டக்டர் கைமேலும் துண்டைப் போட்டு, பாதி வழியில் இறக்கிவிடப்பட்டவர் அவர்.

அறுபதுகளில் ஒரு கோடை. ஐந்தாம் வகுப்போடு ஊர்சுற்றக் கிளம்பிய நான், மல்லாட்டை மண்டியில் நிலக்கடலை மூட்டை தூக்கிக்கொண்டிருந்தேன். மண்டிச் சந்துக்கு ஒரே கிணறு. தண்ணீர் குறையக் குறைய, அடுத்தவன் அள்ளுமுன் அள்ளிவிடவேண்டும் என்று அண்டா முதல் ஆட்டுக்கல் குழிவரை நிரப்பினோம். கடைசியில் வாளியில் சேறு வந்தது. இரண்டு குடும்பங்கள் சட்டிபானையைக் கட்டிவிட்டன. கிணறு செத்தால் சந்தே காலி.

ஒரு காலை தரகர் கிணற்றுக் கயிற்றை அவிழ்த்து, தன் இடுப்பில் சுற்றிக்கொண்டு மேடையில் உட்கார்ந்துவிட்டார்.

"யோவ், கெணறு இன்னா உங்கப்பன் வூட்டு சொத்தா?" என்று பாய்ந்தாள் இட்லிக்கடை அஞ்சலை.

"எங்கப்பன் வூட்டுதா இருந்தா இப்டி சாவ உட்டிருப்பனா? பொதுன்னதும் ஆளாளுக்கு வாரிக்கினு போறீங்க. சும்மா வந்த மாட்டுக்கு எவம்மா புல்லு போடுவான்? வெலை வெச்சாத்தான் மருவாதி."

"பேஜாரு புட்ச்ச ஆளுய்யா நீ! இன்னா வெலை?"

"காசு வாணாம். கொடத்துக்கு இத்தினி கூடை சேறு எடுக்கணும். கையக் குடு."

மூன்று நாள் அவர் எழவில்லை. மிரட்ட வந்த மண்டி முதலாளியின் கைமேலும் துண்டு விழுந்தது.

"நாலு விரல் புடிச்சாரு, ரெண்டுல முடிச்சேன். வெளிய சொல்லாத" என்று அஞ்சலை என் காதில் கிசுகிசுத்தாள். அடுத்து வந்தவனும் அதையே சொன்னான். அதற்கடுத்தவனும். எல்லோருக்கும் ஒரே விலைதான். ஆனால் தரகர் மனம் மாறிவிடுவாரோ என்று பயந்து ஆளாளுக்கு ஓடி ஓடிச் சேறு சுமந்தார்கள்.

மூட்டை சரிந்து என் தோளெலும்பு விலகியிருந்தது. வேலை போயிற்று. தண்ணீரும் இல்லையென்றால் கிளம்பவேண்டியதுதான்.

"கையக் குடுறா" என்று தரகர் என்னைக் கூப்பிட்டார்.

"என்னால கூடை தூக்க முடியாதுங்க."

"பேரமே ஆவல, அதுக்குள்ள அழுவறான்!"

துண்டுக்குள் அவர் ஒரு விரலையும் பிடிக்கவில்லை. உள்ளங்கையை மொத்தமாகப் பிடித்து ஒருமுறை அழுத்திவிட்டு, வெளியே கூவினார்: "கல்லுளிமங்கன்! ஆனா நல்ல வெலைக்கு மடக்கிட்டேன்!"

"ஏமாந்துட்டியே தம்பி" என்று அஞ்சலை உச்சுக்கொட்டினாள்.

என் பங்குக் கூடைகளை உச்சி வெயிலில் அவரே சுமந்தார். கேட்டவர்களிடம், "பையன் கூலி குடுக்கறான், உனக்கு இன்னா?" என்றார். பத்து நாளில் ஊற்றுக்கண் திறந்தது. நான் அந்தச் சந்திலேயே தங்கிவிட்டேன்.

பிறகு எத்தனையோ ஊர்களில் எத்தனையோ முதலாளிகளிடம் கூலி பேசிவிட்டேன். சேறு அப்பிய அந்தக் கை கொடுத்த விலையை இதுவரை எவரும் கொடுக்கவில்லை.