ரீசெட்டுக்கு ஒரு முடிவு ஜெபம்

இதை எழுதலாமா வேண்டாமா என்று சில வருடங்களாகவே தயங்கிக்கொண்டிருந்தேன். மகள் குடும்பம் சமாதானமாக இருக்கிறது. எதற்குக் கிளற வேண்டும்? கர்த்தர் தைரியம் கொடுத்ததால் எழுதுகிறேன்.

பாளையங்கோட்டையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பத்தாவது வரைதான் படிப்பு. மாப்பிள்ளை பெங்களூரில் வெப்சைட் செய்கிறவர் என்றதும், மகளின் கல்யாண அழைப்பிதழை நானே இணையப் பக்கமாகச் செய்து அசத்திவிட நினைத்தேன். (வீடியோ பார்த்துப் படித்த திமிர்.) சம்பந்தி களக்காட்டில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், அவர் பெயரைப் பெரிதாகப் போட்டேன். அதற்குக் கீழே, மைக் செட் போடுகிற சபையார் ஒருவர் பெயர் சின்னதாக. கடைக் கம்ப்யூட்டரில் ஜோராக இருந்தது. மனைவியின் போனில் பார்த்தால் எழுத்து வேறு அளவு, இடைவெளி வேறு அளவு!

மாப்பிள்ளையிடம் கேட்டேன்.

“ஒவ்வொரு பிரவுசரும் தன் இஷ்டத்துக்கு ஒரு அளவு வச்சிருக்கும் மாமா. முதல்ல ரீசெட் ஸ்டைல்ஷீட்டைப் போட்டு அதையெல்லாம் அழிச்சிருங்க. பொறவு உங்க அளவைக் கொடுங்க. எல்லா போன்லயும் ஒண்ணுபோலத் தெரியும்.”

அப்படியே செய்தேன். ஆனால் முதலில் போட்ட ரீசெட் எனக்கு ஆரம்ப ஜெபம்போலத் தோன்றியது; ஆரம்ப ஜெபத்தோடு தொடங்கிய எந்தக் கூட்டமும் முடிவு ஜெபம் இல்லாமல் கலைவதில்லையே! கடைசியிலும் அதே ரீசெட்டை இன்னொருமுறை போட்டு, உறவினர் அத்தனை பேருக்கும் அனுப்பிவிட்டேன். (ஜெபித்த பிறகு திறந்து பார்ப்பது அவிசுவாசம் என்று நினைப்பு.) கடைசியில் வந்த ரீசெட், நான் கொடுத்திருந்த அளவுகளையும் சுத்தமாகத் துடைத்துவிட்டது.

சம்பந்தியிடமிருந்து போன்.

“என்ன அண்ணாச்சி, எம் பேரும் மைக் செட்டுக்காரர் பேரும் ஒரே அளவுல கெடக்கு? நடுவுல இடைவெளிகூட இல்ல. எந் தோள்ல கை போட்டுல்லா நிக்காரு!”

“அது வந்து சம்பந்தி...”

“நாளைக்கு ஜவுளி எடுக்க நாங்க வரல. அவரையே கூட்டிட்டுப் போங்க!”

என் மனைவி அழுதே விட்டாள். “அச்சடிச்சாப் போதும்னு தலைப்பாடா அடிச்சேனே! கல்யாணம் நின்னு போச்சுன்னா எம் புள்ள கதி என்னங்க?”

மாப்பிள்ளையைக் கூப்பிட்டேன். பக்கத்தைத் திறந்து பார்த்தவர் கேட்டார்: “கடைசியில எதுக்கு மாமா இன்னொரு ரீசெட்டு?”

“முடிவு ஜெபம் இல்லாம எப்படி மாப்ள?”

அவர் சிரித்த சிரிப்பு என் மனைவிக்கே கேட்டது. நான் கடைசி ரீசெட்டை நீக்கினேன்; அவர் விஷயத்தை அப்பாவிடம் சொல்லிவிட்டார். மறுநாள் ஜவுளிக்கடை வாசலில் சம்பந்தி முதல் ஆளாக நின்றார். “என்ன அண்ணாச்சி, ஆரம்ப ஜெபம் ஆயிட்டா? சேலை எடுப்பமா?”

கல்யாணத்தன்று அவரே மைக் செட்டுக்காரரை மேடைக்கு இழுத்து, தோளில் கை போட்டுப் போட்டோ எடுத்துக்கொண்டார். ஓரத்தில் நானும் நிற்கிற அந்தப் படம் மகள் வீட்டு ஹாலில் தொங்குகிறது. பேரன் அதில் ‘மைக் தாத்தா’ யார் என்று சரியாகக் காட்டுகிறான். (என்னைக் கேட்டால்தான் யோசிக்கிறான்.)

இதை யாருக்காவது அனுப்பினால், தயவுசெய்து ஒரு எழுத்தும் கூட்டாமல் குறைக்காமல் அனுப்புங்கள். நான் கம்ப்யூட்டருக்குச் சபையில் கொடுத்த குருத்தோலையைக் கட்டியதாகக் களக்காட்டில் ஏற்கெனவே பேசிக்கொள்கிறார்கள். அப்படியெல்லாம் இல்லை. மானிட்டர்மேல் கை வைத்து ஜெபித்தேன், அவ்வளவுதான்.