முத்திரை பெற்ற முகம்

நம் முன்னோர்கள் செய்த ஒரே பிழை, எங்கள் அலுவலகம் திறக்கும்வரை காத்திராமல் பானை வனையத் தொடங்கியதுதான். அந்தப் பிழையைத் திருத்தவே அயகுச்சோ நகரில் ‘ஆதிவடிவ உறுதி அலுவலகம்’ உதித்தது. ஒரு மண்பாண்டத்தின் வடிவம் பழைய மரபுதானா என்று இயக்குநர் டாக்டர் எவாரிஸ்தோ தீர்ப்பளிப்பார். போர்துனாத்தோ ஆகிய நான் முத்திரை குத்துவேன். முத்திரை இல்லாத பானைக்குத் திருவிழாச் சந்தையில் இடமில்லை.

குயவர் சதுர்னினா முதலில் கொண்டுவந்த ஜாடியில் ஒரு மலைச்சிங்கம் இருந்தது.

“இது சிரிக்குதேம்மா. ஆதிகாலத்து மலைச்சிங்கம் சிரிக்காது,” என்றார் டாக்டர்.

“நீங்க பாத்திருக்கீங்களா டாக்டர்?”

“சுற்றறிக்கையில இருக்கு.”

அடுத்த முறை சிங்கம் முறைத்தது. சுற்றுலாப் பயணிகள் பயந்துவிடுவார்கள் என்று ‘ஆழ்ந்த பரிசீலனைக்குப் பின்’ திருப்பி அனுப்பினோம். மூன்றாம் முறை சிங்கம் சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை. “உணர்ச்சியே இல்லையே,” என்று டாக்டர் வருந்தினார். எங்கள் நடுநிலைக்கு வேறு சான்று வேண்டுமா?

சந்தைக்கு ஐந்து நாள்தான் இருந்தது. அதுவும் கைவிட்டுப் போனால் வீட்டில் அடுப்பு எரியாது என்றார் சதுர்னினா. அதைக் ‘கனிவுடன்’ கோப்பில் குறித்துக்கொண்டோம்.

நான்காம் முறை முகஜாடி வந்தது. ஆதிக் குயவர்கள் தங்கள் தலைவர்களை இப்படித்தான் ஜாடியாக்கினார்கள். உப்பிய கன்னம், பாதி மூடிய கண், இரட்டை மோவாய், ஊற்றுவதற்குத் துளையிட்ட மூக்கு. தட்டச்சு செய்பவள் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். காவலாளிக்குத் திடீரென்று இருமல் வந்தது. எனக்குக் கோகா தேநீர் மூக்கில் ஏறியது.

டாக்டர் மட்டும் கண் கலங்கினார். “பாருய்யா போர்துனாத்தோ, ஆயிரம் வருஷத்துக் கம்பீரம். இந்த மாதிரி முகம் இப்ப எவனுக்குய்யா இருக்கு?”

“தேடினா கிடைக்குது டாக்டர். மூணு தடவை ஒக்கார வச்சீங்க, நிதானமாப் பாத்துக்கிட்டேன்,” என்றார் சதுர்னினா.

“குத்துய்யா முத்திரையை,” என்றார் டாக்டர்.

குத்தினேன். அதே முகத்தோடு அவர் சந்தைக்குக் கொண்டுவந்த நாற்பது ஜாடியும் மதியத்துக்குள் தீர்ந்தன. ஜாடியிலிருந்த டாக்டரின் மூக்கு வழியாகச் சோளக் கள்ளை ஊற்றிக் குடித்து ஊரே புரைக்கேறச் சிரித்தது. டாக்டரும் ஒன்று வாங்கி மேசையில் வைத்துக்கொண்டார்.

கடைசிவரை உண்மையைச் சொல்லாமல் அலுவலகத்தின் மாண்பைக் காத்தவன் நான். அந்தப் பெருமிதத்தில் சதுர்னினாவிடம் போய், “ஆபீஸ்ல அவரை மட்டுந்தான் செய்யத் தோணுச்சா? என்னைச் செய்யலியா?” என்று கேட்டேன்.

“செஞ்சிருக்கேனே. ஜாடிக்குப் பின்னால பாருங்க. வளைஞ்சு நின்னு அவரைத் தூக்கிப் பிடிக்குதே கைப்பிடி, அது நீங்கதான்.”