இருநூறு வாட்ஸும் ஆறு வடையும்

நேத்து எனக்கு ஒரே ஒரு வேலைதான். சைக்கிள் ஓட்டணும்.

பெங்களூர்ல கம்ப்யூட்டர் வேலை. லீவுக்கு ஆந்திரா பார்டர்ல நகரி பக்கம் எங்க ஊருக்கு வந்துகீறேன். சைக்கிள்ல பவர் மீட்டர் மாட்டி வெச்சிகீறேன். கால் எத்தினி வாட்ஸ் மிதிக்குதுன்னு நம்பர் காட்டும். ஒரு மணி நேரம் விடாம மிதிக்க முடியற அளவுக்கு த்ரெஷோல்டுன்னு பேரு. எனக்கு இருநூறு. அப்பிடித்தான் சொல்லிக்கினு திரியறேன்.

கோச் குடுத்த பிளான்: பத்து நிமிஷம் இருநூறுல மிதி, அஞ்சு நிமிஷம் ரெஸ்ட். இந்த மாதிரி மூணு தபா.

நேரா ரோடு வேணுமே! புத்தூர் போற வழியில ஒரு ஊரப் புடிச்சேன். அஞ்சு நிமிஷம் போறது, அஞ்சு நிமிஷம் வர்றது.

மொத ரவுண்டு சூப்பர்! டீக்கடை முன்னாடி நின்னு மூச்சு வாங்கினேன்.

கடைக்கார அக்கா கேட்டுச்சு, "இன்னா தம்பி, இங்கயே சுத்திக்கினு கீற?"

வாய மூடிக்கினு இருந்திருக்கலாம்.

"பவர் செக் பண்றேன்க்கா. எத்தினி வாட்ஸ் போவுதுன்னு இந்த மீட்டர்ல ரெக்கார்ட் ஆயிடும்."

அக்கா மூஞ்சி மாறிடுச்சு. விடுவிடுன்னு தெருவுக்குள்ள போயிடுச்சு.

டெக்னாலஜியப் பாத்து அசந்துடுச்சுன்னு நெனச்சேன்!

ரெண்டாவது ரவுண்டு. நூத்தித் தொண்ணூத்தெட்டு, இருநூத்தி ரெண்டு... வழியில நாலு வூட்டு முன்னாடி ஆளுங்க மூங்கில் கழிய வெச்சிக்கினு கரென்ட் கம்பத்த நோண்டிக்கினு இருந்தாங்க. திருவிழாவுக்கு தோரணம் போல!

திரும்பி வந்தா கடை முன்னாடி கூட்டம். சேர் போட்டாங்க.

"உக்காருங்க சார்."

தம்பி சார் ஆயிட்டேன்! ஒரு சொம்பு மோரு, ஆறு வடை. விளையாட்டுக்காரனுக்கு இங்க இவ்ளோ மரியாதையா! அத்தினியும் துன்னுட்டேன்.

ஒரு பெரியவர் கையக் கட்டிக்கினு தெலுங்குல, "மா இன்ட்லோ ஒக்க பேனே சார்"ன்னாரு. அவரு வூட்டுல ஒரே ஒரு ஃபேன்தானாம்.

"வெயிலு ஜாஸ்தி. இன்னொண்ணு போட்டுக்குங்க"ன்னேன்.

மனுசன் அழுவற மாதிரி ஆயிட்டாரு.

அக்கா மெதுவா வந்துச்சு. "கரென்ட் திருட கம்பியில போட்ட கொக்கி எல்லாம் எடுத்தாச்சு சார். கரென்ட் ஆபீஸ்ல எழுதிக் குடுத்துடாதீங்க."

"ஐயோ அக்கா! இது கரென்ட் இல்ல, என் காலோட பவரு!"

கூட்டம் மொத்தமும் குனிஞ்சி என் காலப் பாத்துச்சு.

"காலுல எத்தினி?"ன்னாரு பெரியவர், இப்ப தமிழ்ல.

"இருநூறு வாட்ஸ்."

"அதுல ஃபேன் ஓடுமா?"

"ரெண்டு ஓடும்!" பெருமையா சொன்னேன்.

அக்கா சேர வெடுக்குனு இழுத்துக்கிச்சு.

மூணாவது ரவுண்டுல வடை ஒத்துழைக்கல. தொண்ணூறு வாட்ஸ். மூணே நிமிஷத்துல ஒரு மாந்தோப்பு ஓரமா குந்திட்டேன்.

பைக்ல போன ஒருத்தர் வண்டிய நிறுத்தினாரு. "இன்னாப்பா, இந்த வெயில்ல எதுக்கு சைக்கிளு?"

இந்த தபா பவர், மீட்டர்னு வாயத் தொறப்பேனா? "சுகர்ண்ணா. டாக்டர் ஓட்டச் சொன்னாரு."

தலைய ஆட்டிட்டு கெளம்பிட்டாரு. மறு கேள்வி இல்ல.