கார்மிர் கோட்டையின் நான்கு கதவுகள்

உலகத்தில் ஆளத் தெரிந்த வம்சங்கள் பல உண்டு. உட்காரத் தெரிந்த வம்சம், ஆர்மீனிய மலைநாட்டில் கார்மிர் கோட்டையை ஆண்ட சோலாகுனி வம்சம் ஒன்றுதான். அவ்வம்சம் கடைசியாக முறைப்படி உட்கார்ந்த விருந்தில் இருந்தவர்கள் பின்வருமாறு:

மன்னர் தேரெனிக். அவர் தம்பி மன்னர் அபிராத். அவருக்கும் தம்பியான மன்னர் வாசாக். (வயதுப்படி எழுதியதற்கு வேறு பொருள் இல்லை.) இம்மூவருக்கும் சித்தப்பாவும், வம்சத்தின் இருக்கை ஏட்டுக்குக் காவலருமான இளவரசர் தச்சாத். ரோமப் பேரரசரின் தூதர் நிகேதாஸ். ஒப்பந்தம் எழுத வந்த பாதிரியார் ஹூசிக். இவர் திண்டுக்கு உரியவர் அல்லர், முக்காலிக்கு உரியவர். மன்னர்களின் தாய் ஷுஷான் அழைக்கப்பட்டிருந்தார், வரவில்லை. பக்கத்துப் பள்ளத்தாக்கின் அமீர் நஸ்ர் அழைக்கப்படவில்லை, வந்தார்.

வம்சத்தின் எழுச்சியை முதலில் சொல்லிவிடுவது மரியாதை. தச்சாத்தின் தந்தை அதோம், கார்மிர் பள்ளத்தாக்கின் பாலத்துக்குக் காவல் இருந்தவர். பாலத்தடியில் கோவேறு கழுதை மேய்த்தவர் என்று ஆனி நகரத்துப் பொறாமைக்காரர்கள் எழுதுவார்கள். கழுதைகள் இருந்தன என்பது உண்மை. மேய்த்தது வேறொருவர். ஒரு குளிர்காலத்தில் கலீஃபாவின் ஆளுநர் பனியில் புதைந்துபோனார். அதோம் அவரைத் தோண்டி எடுத்து, சூடான ஹரிசாக் கஞ்சி கொடுத்து, தாம் உட்கார்ந்திருந்த ஒரே திண்டையும் அவருக்குப் போட்டார். மறு வருடம் பாக்தாத்திலிருந்து கிரீடம் வந்தது. சேதி கேட்ட ரோமப் பேரரசர் சும்மா இருப்பாரா? ஒரு விரற்கடை அகலம் கூடுதலாக இன்னொரு கிரீடம் அனுப்பினார்.

கிரீடம் இரண்டு, தலை ஒன்று. கிழக்கே பார்க்கும்போது பாக்தாத் கிரீடம், மேற்கே பார்க்கும்போது ரோமக் கிரீடம் என்று அதோம் மன்னர் முறை வகுத்துக்கொண்டார். வடக்கே பார்க்கும்போது இரண்டு பேருக்கும் மனம் நோகக்கூடாது என்று வெறுந்தலையாக இருந்தார். அப்படி ஒருநாள் வடக்கே பார்த்துக்கொண்டிருந்தபோது வாடைக்காற்றில் மார்ச்சளி கண்டு இறந்தார். ராஜதந்திரத்துக்காக உயிர்நீத்த முதல் சோலாகுனி அவரே.

மூத்த மகன் சாஹாக் பட்டத்துக்கு வந்ததும் இருக்கை ஏடு எழுதப்பட்டது. எந்தக் குடும்பம் மன்னரிடமிருந்து எத்தனை திண்டு தள்ளி உட்காரும், அந்தத் திண்டில் எத்தனை கைப்பிடி கம்பளி இருக்கும், யாருக்கு முன் வாதுமைப்பழம் வைக்க வேண்டும், யாருக்கு வைத்துவிட்டு எடுத்துவிட வேண்டும், எல்லாம் அதில் இருந்தது. சோலாகுனி வம்சம் நிலத்துக்காக ஒரு தடவையும் போர் செய்ததில்லை. திண்டுக்காக இரண்டு தடவை செய்திருக்கிறது. ஏட்டை மனப்பாடமாகச் சொல்லக்கூடிய ஒரே மனிதர், சாஹாக்கின் தம்பி தச்சாத். முதுகை எதிலும் சாய்க்காமல் உட்காருவார். சாய்ந்தால் வம்சமே சாய்ந்தது போல் ஆகும் என்பது அவர் கருத்து.

சாஹாக் மன்னர் சாகும்போது தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டார். "எம் பசங்க மூணு பேரையும் ஒரே எடத்துல உக்கார வை, அது போதும். கோட்டை தானா நிக்கும்" என்றார். தச்சாத் சிலுவையைத் தொட்டு வாக்குக் கொடுத்தார்.

அந்த வாக்கு எளிதானது அல்ல. மூத்தவர் தேரெனிக் இரண்டு கிரீடத்தையும் எடுத்துக்கொண்டதும், அபிராத் இருநூறு குதிரை வீரர்களோடு தென்காவல் கோபுரத்துக்குப் போய்விட்டார். வாசாக் இருநூறு பேரோடு மாவு ஆலைக்குப் போய்விட்டார். மலைக்கு அந்தப் பக்கம் அமீர் நஸ்ர் காத்திருந்தார். ஈஸ்டர் கழிந்து கணவாயில் பனி உருகினால் அவர் வருவார் என்பது ஆடு மேய்ப்பவர்களுக்குக்கூடத் தெரியும். அறுநூறு பேர் சேர்ந்து நின்றால் கோட்டை தப்பும். இருநூறு பேரால் ஆகாது. ஆகவே மூவரும் ஓர் இடத்தில் உட்கார்ந்து ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும்.

தச்சாத், ரோமப் பேரரசர் இருந்த கான்ஸ்டான்டிநோபிளுக்கு விண்ணப்பம் எழுதினார். அண்ணன் மகன்களில் இளையவர்கள் இருவருக்கும் ஆளுக்கொரு கிரீடம் வேண்டும் என்றார். ஆறே வாரத்தில் தூதர் நிகேதாஸ் கிரீடங்களோடு வந்திறங்கினார். பேரரசரின் கிடங்கில் கிரீடங்கள் தலையளவு வாரியாக அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன என்று அவர் சொன்னதைக் கேட்டு தச்சாத் வியந்துபோனார். இப்போது ஒரே பள்ளத்தாக்குக்கு மூன்று மன்னர்கள். கணக்குப் பார்த்தால் ஆறு கிராமத்துக்கு ஒருவர். எந்தப் பேரரசும் இந்த 'வளர்ச்சி'யை எட்டியதில்லை.

விருந்துக்கு நாள் குறித்தார்கள். மூன்று மன்னர்களும் வந்தார்கள். விருந்து மண்டபத்தின் வாசலில் மூவரும் நின்றார்கள். நின்றுகொண்டே இருந்தார்கள். வாசல் ஒன்று. முதலில் நுழைபவர் பேரரசர், அடுத்தவர் சிற்றரசர், மூன்றாமவர் கிட்டத்தட்ட பணியாள் என்று ஏட்டில் தெளிவாக எழுதியிருந்தது. ஆட்டுக்கறி ஆறியது. சூடாக்கினார்கள். மறுபடியும் ஆறியது. மாலையில் மூவரும் தத்தம் இடத்துக்குத் திரும்பினார்கள்.

இப்படி மூன்று விருந்துகள் 'ஒத்திவைக்கப்பட்டன'. கணவாயில் பனி பாதியாகிவிட்டது.

நான்காவது வாரம் தச்சாத்துக்கு யோசனை உதித்தது. மூன்று மன்னர்களுக்கு மூன்று கதவு. ஒரே மணியோசைக்கு ஒரே நேரத்தில் மூவரும் நுழையலாம். ஆளனுப்பித் தலைமைக் கல்தச்சர் மினாஸை வரவழைத்தார். மண்டபத்துக்கு முற்றத்துப் பக்கம் இருந்த ஒரே சுவரில் பழைய வாசல் இருந்தது. அது இனிப் பரிமாறுபவர்களுக்கு. ஆட்டுக்கறி வருகிற வழியில் மன்னர் வர முடியாது. மற்ற பக்கங்களில்தான் புதுக் கதவுகள் வைக்க வேண்டும்.

மினாஸ் தொப்பியைக் கழற்றி, தலையைச் சொறிந்து, சுவரை உள்ளங்கையால் தட்டிப் பார்த்தார்.

"ஐயா, இது மண்டபத்துச் சுவர் இல்லீங்க. கோட்டைச் சுவரு. அந்தாண்ட ஆடு மேயற சரிவு."

"தெரியும். எத்தனை நாள் ஆகும்?"

"அந்தாண்டயிருந்து யாரு வேணா வரலாமுங்க."

"மன்னர்கள் மட்டும்தான் வருவாங்க. மத்தவங்களுக்கு அந்த வழியா வர உரிமை கெடையாது. ஏட்டுல எழுதிடறேன்."

சட்டப்படி பாதுகாப்பு ஏற்பாடு செய்யப்பட்டுவிட்டதால் மினாஸால் மேலே பேச முடியவில்லை. உளியை எடுத்தார். தூதர் நிகேதாஸ் தினமும் வந்து வேலையைப் பார்வையிட்டு, பேரரசர் இதைக் கேட்டால் மிகவும் மகிழ்வார் என்று பாராட்டினார். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

அண்ணி ஷுஷான் மட்டும் மகிழவில்லை. கல்தூசி படிந்த மண்டபத்துக்கு வந்து, மூன்று ஓட்டை வழியாகவும் தெரிந்த புல்சரிவைப் பார்த்துவிட்டு, தச்சாத்தின் முன்னால் நின்றார்.

"கொழுந்தனாரே, வீட்டுக்கு மூணு ஓட்டை போட்டுட்டு யாரைக் காவல் வெக்கப் போறீங்க?"

"அண்ணி, வம்ச மானத்துக்கு நான் காவல் இருக்கேன்."

"மானத்துக்கு நீங்க இருக்கீங்க. ஆட்டுக்கு நாய் இருக்கு. எம் பசங்களுக்கு யாரு இருக்கா?"

தச்சாத்துக்கு ஒரு கணம் நெஞ்சில் ஏதோ தைத்தது. ஆனால் அண்ணி நின்றுகொண்டே கேட்டார். நின்றுகொண்டு கேட்கப்படும் கேள்விக்கு உட்கார்ந்திருப்பவர் பதில் சொல்வதற்கு ஏட்டில் இடமில்லை. பதில் வராததைக் கண்ட ஷுஷான் அன்றே மருமகள்களையும் பேரக்குழந்தைகளையும் மாவுச் சட்டிகளையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு, கோட்டையின் முன்வாசல் வழியாக, ஆனியில் இருந்த தம் அண்ணன் வீட்டுக்குப் புறப்பட்டார். பெண்கள் ஒப்பந்த விஷயத்தில் தலையிடாமல் ஒதுங்கியதை தச்சாத் பெருந்தன்மை என்று குறித்துக்கொண்டார்.

அப்புறம்தான் அந்தச் சிக்கல் எழுந்தது. மூன்று மன்னர்களும் மூன்று கதவு வழியாக நுழைந்தால், அவர்களுக்குச் சித்தப்பா எந்த வழியாக நுழைவது? மூத்தவன் பின்னால் போனால் இளையவன் வருந்துவான். இளையவன் பின்னால் போனால் வம்சமே சிரிக்கும். ஆட்டுக்கறி வழியாகப் போவது நினைத்தே பார்க்க முடியாதது. தச்சாத் இரண்டு நாள் சாப்பிடவில்லை. தமக்காக எதையும் கேட்காத மனிதர் அவர். ஆகவே கேட்காமலேயே நான்காவது கதவை வைத்துக்கொண்டார். பெரியவர் என்பதால் அது மற்ற மூன்றையும் விட ஒரு குதிரை அகலம் கூடுதலாக அமைந்தது.

விருந்து நாள் வந்தது. பனி முழுக்க உருகியிருந்தது. முன்வாசல் வழியாக வெளியே போயிருந்த நால்வரும் கோட்டையைச் சுற்றி நடந்து, சரிவில் ஏறி, மணி அடித்ததும் நான்கு கதவுகள் வழியாகவும் ஒரே நேரத்தில் உள்ளே நுழைந்தார்கள். நால்வருடைய வலது காலும் ஒன்றாகத் தரையைத் தொட்டது. திண்டுகள் நூல் பிடித்து அளக்கப்பட்டிருந்தன. மூவரும் உட்கார்ந்தார்கள். தச்சாத்தின் கண்கள் கலங்கின. அண்ணனுக்குக் கொடுத்த வாக்கு நிறைவேறிவிட்டது. இனிக் கையெழுத்து மட்டும்தான்.

யார் முதலில் போடுவது என்று கேட்டார்கள். தச்சாத் இதை எதிர்பார்த்திருந்தார். ஒப்பந்தம் மூன்று பிரதி. ஒவ்வொன்றிலும் ஒருவர் முதல். மூவரும் ஒப்புக்கொண்டார்கள். பாதிரியார் ஹூசிக் பிரதிகளைப் பரப்பினார், மூன்று இறகுகளைச் சீவினார், நடுவில் மைக்கூட்டை வைத்தார்.

மைக்கூடு ஒன்று.

முதலில் தொட்டு எழுதுபவருக்குத் தெளிந்த மை, கடைசியில் தொடுபவருக்கு வண்டல். "வண்டல்ல எழுத நான் என்ன வாரிசு இல்லையா?" என்று வாசாக் கேட்டார். பாதிரியார், எல்லாம் ஒரே மைதான், கர்த்தர் முன்னிலையில் எல்லா எழுத்தும் கறுப்புத்தான் என்று சொல்லிப் பார்த்தார். முக்காலியிலிருந்து சொன்னதால் எடுபடவில்லை. இன்னும் இரண்டு மைக்கூடு கொண்டுவர மடத்துக்கு ஆள் போனது. மடம் பள்ளத்தாக்குக்கு எதிர்ப்புறம். போய்வர அரை நாள்.

ஆள் திரும்புவதற்குள் குளம்போசை கேட்டது. மடத்து ஆள் சீக்கிரம் வந்துவிட்டான் என்று தச்சாத் நினைத்தார். ஒரு ஆளுக்குக் குளம்புகள் சற்று அதிகமாக இருந்தன.

அமீர் நஸ்ர் நான்காவது கதவு வழியாக, குதிரையை விட்டு இறங்க அவசியம் ஏற்படாமலேயே, மண்டபத்துக்குள் வந்தார். மற்ற மூன்று கதவுகளையும் அவருடைய ஆட்கள் நிரப்பினார்கள். மன்னர்களின் வீரர்களோ முன்வாசலில் ஈ நுழையாதபடி காத்துக்கொண்டிருந்தார்கள். அங்கே அன்று முழுதும் யாரும் வரவில்லை.

அமீர் பரப்பியிருந்த விருந்தைப் பார்த்தார். ஒரு வாதுமைப்பழத்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "இங்க ராஜா யாரு?" என்று கேட்டார்.

தேரெனிக் தம்பியைப் பார்த்தார். "அபிராத்துதான். சின்ன வயசுலேருந்தே அவனுக்குத்தான் அந்த ஆசை."

"அண்ணன் இருக்கும்போது நான் எப்படிங்க?" என்றார் அபிராத். "முறைன்னு ஒண்ணு இருக்கில்ல."

"நான் கடைசிப் பையனுங்க" என்றார் வாசாக்.

சோலாகுனி வரலாற்றில் அண்ணன் தம்பிகள் ஒருவருக்கொருவர் வழிவிட்டது அன்றுதான். தச்சாத் இந்த ஒற்றுமைக்காகத்தான் வாழ்நாள் முழுக்கப் பாடுபட்டார். அதைக் கண்ணால் பார்க்கும் பாக்கியம் கிடைத்தபோது அவர் முதுகு முதல் தடவையாகத் திண்டில் சாய்ந்தது.

அமீர் நல்ல மனிதர். யாரையும் வெட்டவில்லை. போகலாம் என்று கையசைத்தார். மூன்று மன்னர்களும் மூன்று கதவு வழியாக ஓடினார்கள். ஓடும்போதும் யாரும் யாருக்கும் பின்னால் ஓடவில்லை. கதவுகள் வீண்போகவில்லை என்று இதனால் தெரிகிறது. தூதர் நிகேதாஸ் அமீருக்கு வணக்கம் சொல்லி, கிரீடங்களைத் துடைத்துப் பெட்டியில் திரும்ப வைத்தார். அளவு சரியாக இருக்கும் இன்னொரு வம்சம் வடக்கே உண்டாம்.

பேரரசர் கைவிடவில்லை. மேற்கே தம் மாகாணமான கப்படோக்கியாவில் மூவருக்கும் ஆளுக்கொரு கிராமம் கொடுத்தார். அங்கே அவர்கள் இன்றும் மன்னர்களே. பக்கத்து வீட்டுக்காரர்கள் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள், சிரித்துக்கொண்டே. ஷுஷான் பேரக்குழந்தைகளோடு ஆனியிலேயே இருந்துகொண்டார். தச்சாத் ஆனிக்குப் போய் அண்ணியின் வீட்டு வாசலில் நின்றார். எந்தத் திண்டு என்று அவர் கேட்கவில்லை. ஷுஷானும் சொல்லவில்லை. அடுப்பருகில் ஓர் இடத்தைக் காட்டி, "உக்காருங்க கொழுந்தனாரே, கஞ்சி ஆறுது" என்றார்.

கடைசியாக ஒன்று. அமீர் நஸ்ர் பொறிகளைக் கொண்டுவந்து கார்மிர் கோட்டைச் சுவரை இடித்தே உள்ளே புகுந்தார் என்று ஆனியில் ஒரு வதந்தி உலவுகிறது. இது பொய். அந்தச் சுவரின் ஒரு கல்லைக்கூட எந்தப் பகைவனும் தொடவில்லை. அதை இடிக்கச் சொன்னவர்கள் அத்தனை பேரும் நல்ல குடும்பத்தைச் சேர்ந்தவர்கள்.