எச்சில் படாத வில்லை

2008 பிப்ரவரி 12, செவ்வாய்க்கிழமை காலை, விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டைக்குப் பின்னால் ஓடும் கழிவு வாய்க்காலில் நூற்றெட்டுப் பச்சை வில்லைகள் மேளதாளத்துடன் இறக்கப்பட்டன.

இறக்கியவர் பசுமையானந்த சுவாமிகள். கரையில் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டவர்கள் பேட்டையின் முதலாளிகள், தொழிலாளர்கள், அவர்கள் குடும்பத்தார், வேலைநாளில் அலுவலகத்தைப் பூட்டிவிட்டு வந்த ஓர் அதிகாரி. வில்லை என்பது உள்ளங்கை அகலத்தில் ஒரு வட்டப் பீங்கான் துண்டு. மேல்பக்கம் வர்ணம், வர்ணத்தின் நடுவே ஓர் இலை, இலைக்குள் ஒரு கண். கீழ்ப்பக்கம் வெறும் வெள்ளை. ஃபியூஸ் கட்டையிலிருந்து கொலு பொம்மை வரை பீங்கானில் செய்து நாடு முழுக்க அனுப்பும் ஊர், ஒரு பீங்கான் துண்டுக்காக விடியற்காலையிலிருந்து வரிசையில் நின்றது.

இவரைப் பேய் ஓட்டுகிற சாமியார்களோடு சேர்த்துவிடக் கூடாது. பேயெல்லாம் பழைய சரக்கு. இவர் ஓட்டியது கரியமில வாயுவை. இமயமலையில் பன்னிரண்டு ஆண்டுகள் மூச்சை அடக்கி, அதனால் உலகத்துக்கு ஒரு பொட்டுக் கரியமில வாயுவும் தராமல் இருந்தவர் என்று துண்டறிக்கை சொன்னது. அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் பாதிக்கு மேல் அவர் சேத்தியாத்தோப்பு பஸ் நிறுத்தத்தில் தாயத்து விற்றதைப் பார்த்தவர்கள் உண்டு. பார்த்தவர்களும் வரிசையில் நின்றார்கள். மகான்கள் ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் இருப்பார்கள் என்ற விளக்கத்தை அவர்களே தயாராக வைத்திருந்தார்கள். சாமியாருக்கு அந்த வேலைகூட மிச்சம்.

நிலைத்த வளர்ச்சி என்பது அவருடைய மந்திரம். அதற்கு முதலாளி, பொருளை வாங்குகிற மக்கள், அரசாங்கம் ஆகிய மூன்று தரப்பும் கைகோக்க வேண்டும் என்று தினமும் பேசினார். அவர் பேசியதில் உண்மையான வாக்கியம் அது ஒன்றுதான். அடுத்த வாக்கியத்திலேயே மூன்று தரப்புக்கும் மூன்று நிறத்தில் வில்லை இருப்பதாகச் சொல்லிவிடுவார். முதலாளிக்குப் பச்சை: சூளையின் மேல் வைத்தால் எண்ணெய் மிச்சம், வாய்க்காலில் போட்டால் கழிவு சுத்தம். வீட்டுக்கு நீலம்: சிலிண்டருக்கு அடியில் வைத்தால் காஸ் மிச்சம். அரசாங்கத்துக்கு மஞ்சள்: கோப்பு அலமாரியில் வைத்தால் திட்டங்கள் தாமாக நடக்கும். அதிகாரி மஞ்சளில் இரண்டு வாங்கினார். அவரிடம் அலமாரி இரண்டு இருந்தது.

வில்லை வேலை செய்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். நீல வில்லை வைத்த வீட்டில் பொழுது சாய்ந்தபின் அடுப்பு மூட்டக் கூடாது என்பது நியமம். காஸ் மிச்சமானது. பச்சை வில்லை வைத்த சூளையைப் பாதி அடுக்கி எரிக்கக் கூடாது. முழுதாக அடுக்கிய பிறகே நெருப்பு. எண்ணெய் மிச்சமானது. மாலையில் இரண்டு மணி நேரம் விளக்கணைத்து மௌனம் இருக்க வேண்டும். அந்த இரண்டு மணி நேரமும் எப்படியும் மின்வெட்டு. மின்சாரமும் மிச்சமானது. சூளையை நிறைத்து எரியுங்கள் என்று முந்தின ஆண்டு ஒரு பொறியாளர் வந்து இலவசமாகச் சொன்னபோது, அவருக்கு ஒரு டீகூட வாங்கித் தராமல் பஸ் ஏற்றிவிட்டவர்கள்தான் இவர்கள்.

எல்லா நிறத்துக்கும் பொதுவான நியமம் ஒன்று இருந்தது. வில்லையில் எச்சில் படக் கூடாது. பட்டால் இலைக்குள் இருக்கும் கண் மூடிக்கொள்ளும்.

இவ்வளவும் வேடிக்கையோடு போயிருக்கும். போகாததற்குக் காரணம் அமிர்தம் என்ற விவசாயி.

பேட்டையில் களிமண் கரைத்த கழுவுநீர் வாய்க்காலில் பாலைப் போல ஓடும். வாய்க்கால் முடிகிற இடத்தில் அமிர்தத்தின் ஓர் ஏக்கர் கழனி இருக்கிறது. தண்ணீர் வற்றியதும் மண்மேல் வெள்ளைப் படலம் காய்ந்து சுவர்ப் பூச்சு போல இறுகிவிடும். நாற்று மூச்சுவிட வழியில்லாமல் சாகும். இரண்டு போகம் அப்படிப் போயிற்று. அவர் மனு மேல் மனுவாகக் கொடுத்து, கடைசியில் அரசாங்கம் ஒரு தொட்டிக்குச் சம்மதித்தது. கழுவுநீர் தொட்டியில் தேங்கும், மண் அடியில் படியும், தெளிந்த நீர் மட்டும் வெளியேறும். பாதிச் செலவு அரசாங்கம், மீதி பேட்டை முதலாளிகள். முதலாளிகள் சங்கம் மார்ச் முடிவதற்குள் தீர்மானம் போட வேண்டும். போடாவிட்டால் அரசாங்கப் பங்கு திரும்பிப் போய்விடும். அதோடு அமிர்தத்தின் கழனியும் போய்விடும்.

சங்கத்தில் தொட்டிக்காகப் பேசியவர் பொம்மைப் பட்டறை நடத்தும் கமலம். வாய் கொஞ்சம் அதிகம் என்று பெயரெடுத்தவர். சென்னைக் கடையில் வாங்குகிறவர்கள் பொம்மை எங்கே செய்தது, அதைக் கழுவின தண்ணீர் எங்கே போகிறது என்றெல்லாம் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள், இனி பதில் இல்லாமல் சரக்கு விற்காது என்று அவர் ஒவ்வொரு கூட்டத்திலும் சொன்னார். சங்கத் தலைவர் ராஜாங்கம் ஃபியூஸ் கட்டை செய்கிறவர். தொட்டி என்றால் சிமெண்டு, கம்பி, கொத்தனார். வில்லை என்றால் மேளம் மட்டும் போதும். அவர் வில்லையின் பக்கம்.

சாமியார் கண்ணாடி டம்ளரில் வாய்க்கால் தண்ணீரை மொண்டு, ஒரு வில்லையைப் போட்டு, கண்ணை மூடி முணுமுணுப்பார். பத்து நிமிடத்தில் தண்ணீர் தெளிந்துவிடும். அதைப் பார்த்த பிறகு அமிர்தமே ஒரு பச்சை வில்லை வாங்கித் தன் மடைவாயில் புதைத்துச் செவ்வாய்க்கிழமை விரதம் இருந்தார். மனுவை விட விரதம் சுலபம். வரிசையில் நிற்க வேண்டாம்.

ஐந்து வாரம் கழிந்தது. டம்ளரில் தெளிந்த தண்ணீர் வாய்க்காலில் தெளியவில்லை. நூற்றெட்டு வில்லைகளும் ஊரின் பாவத்தைக் குடித்து வயிறு நிரம்பிவிட்டன, இன்னும் ஆயிரத்தெட்டு வேண்டும் என்றார் சாமியார். ராஜாங்கம் சங்கக் கூட்டத்தைக் கூட்டினார். தொட்டி வேண்டாம், வில்லை போதும் என்பது தீர்மானம். சாமியார் மேடையில். ஊரும் வந்திருந்தது, அமிர்தம் முதல் வரிசையில்.

வழக்கம்போல டம்ளர் தெளிந்தது. வழக்கம்போல கைதட்டல். ராஜாங்கம் தீர்மானத்தைப் படிக்க எழுந்தபோது அமிர்தமும் எழுந்தார்.

"சாமி, ஒன்னு கேக்கறேன், கோச்சுக்காதீங்க. தண்ணி தெளிஞ்சிருச்சு. அதுல இருந்த மண்ணு எங்க போச்சு?"

"மண் மாயை, தாயே. மறைந்துவிட்டது."

"மறையலீங்களே. கிளாசுக்கு அடியில வெள்ளையா கெடக்குது. எங்க கழனியில கெடக்கறதும் அதானே?"

கூட்டம் முதல் தடவையாக டம்ளரின் அடியைப் பார்த்தது. அதுவரை எல்லாரும் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஒக்காரு அமிர்தம்," என்றார் ராஜாங்கம். "சாமிகிட்ட போயி கணக்கு கேட்டுக்கினு."

சந்தேகப்படுகிறவர்கள் சபையில் இருந்தால் வில்லை சோர்ந்துவிடும் என்று சாமியார் வருத்தத்துடன் தெரிவித்தார். நான்கு பேர் அமிர்தத்தை வெளியே போகச் சொன்னார்கள். அப்போதுதான் கமலம் மேடை ஏறித் தாம்பாளத்திலிருந்து ஒரு பச்சை வில்லையை எடுத்தார்.

இந்த ஊர்ப் பீங்கான்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. சூளையிலிருந்து இறக்கிய சரக்கை நாக்கில் வைத்துப் பார்ப்பார்கள். மெருகு பூசாமல் ஒருமுறை மட்டும் வெந்த சரக்கு நாக்கைப் பிடித்து இழுக்கும். அதற்குள் நுண்துளைகள் இருக்கின்றன, எதை ஊற்றினாலும் குடிக்கும். முழுதாக வெந்தது வழுக்கும். முதலாளியும் பார்ப்பார், கூலிக்காரரும் பார்ப்பார், வாங்க வந்தவரும் பார்ப்பார். நாக்கில் வைக்காமல் ஒரு துண்டு இந்தப் பேட்டையைத் தாண்டாது. இந்த வில்லை ஒன்றைத் தவிர.

"தலைவரே, நீங்க நக்கிப் பாக்காம என்னைக்காவது சரக்கு வாங்கியிருக்கீங்களா?" என்றார் கமலம்.

"அது சரக்கு. இது சாமி."

"சாமியும் ஏதோ ஒரு சூளையில வெந்துதானே வந்துருக்குது."

எச்சில், எச்சில் என்று சாமியார் எழுவதற்குள் கமலம் வில்லையின் வெள்ளைப் பக்கத்தை நாக்கில் வைத்துவிட்டார். முகம் கோணியது.

"நாக்கப் புடிச்சு இழுக்குது. ஒரு வேக்காட்டு சரக்கு. துவர்க்குது. தலைவரே, சலூன்ல சேவிங் முடிச்சதும் மூஞ்சில தேய்ப்பாங்களே, அது." அவர் வில்லையை ராஜாங்கத்திடம் நீட்டினார். "படிகாரம்."

கலங்கிய தண்ணீரில் படிகாரத்தைச் சுற்றினால் தெளியும் என்பது கிணற்றுத் தண்ணீர் குடித்த எல்லாருக்கும் தெரியும். அதைப் பீங்கானுக்குள் ஊறவைத்து, மேலே ஒரு கண்ணை வரைந்தால் தெரியாமல் போய்விடும் என்று சாமியார் கணக்குப் போட்டிருந்தார். கணக்கு சரியாகத்தான் இருந்தது.

ராஜாங்கம் வாங்கக் கூடாது என்றுதான் நினைத்தார். முப்பது வருடப் பழக்கம் விடவில்லை. கைக்கு வந்த பீங்கான் தானாக நாக்குக்குப் போயிற்று. பிறகு அதைத் திருப்பினார். ஓரத்தைக் கட்டை விரலால் தடவினார். அங்கே நெல்முனை அளவுக்கு ஒரு பள்ளம். அது அவருடைய அச்சில் விழுந்த பள்ளம். தீபாவளிக்கு முன் புதுச்சேரிக்காரர் ஒருவர் டீ கிளாஸ் வைக்கும் தட்டு என்று சொல்லி ஒரு வண்டி எடுத்துப் போயிருந்தார். தான் விற்ற சரக்கையே நூறு மடங்கு விலைக்குத் திரும்ப வாங்கி, சூளைக்கு மேல் வைத்துக் கும்பிட்டவர் ராஜாங்கம்.

"இது நம்புளுது," என்றார்.

அதற்குப் பிறகு கூட்டத்தை யாராலும் நிறுத்த முடியவில்லை. ஆளுக்கொரு வில்லையை எடுத்து நாக்கில் வைத்தார்கள். பெரியவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு நக்கினார்கள். மரியாதை மரியாதைதான். அதிகாரி கைப்பையிலிருந்து மஞ்சள் வில்லையை எடுத்து, யாரும் பார்க்காதபோது நக்கிப் பார்த்தார். துவர்க்கவில்லை. மஞ்சளில் படிகாரம்கூட இல்லை. அரசாங்கத்துக்கு இவ்வளவு போதும் என்று சாமியார் முடிவு செய்திருந்தார்.

சாமியார் லேசில் விடவில்லை. அருள் என்பது துவர்க்கும் தன்மை உடையது என்றார். சிலர் தலையாட்டினார்கள். கமலம் வாதாடவில்லை. ராஜாங்கத்தின் கிடங்கிலிருந்து மிச்சம் இருந்த இரண்டு தட்டுகளையும், எதிர்ப் பெட்டிக்கடையிலிருந்து ஒரு கட்டிப் படிகாரத்தையும் வரவழைத்தார். இரண்டு டம்ளரில் வாய்க்கால் தண்ணீர். ஒன்றில் வெறும் தட்டு. அதற்கு மந்திரம் சொல்லும்படி சாமியாரைக் கேட்டுக்கொண்டார். இன்னொன்றில் படிகாரக் கரைசலில் ஊறிய தட்டு. அதற்குக் கமலமே மந்திரம் சொன்னார். விருத்தாசலத்திலிருந்து ஸ்ரீமுஷ்ணம் போகிற பஸ் நிற்கும் ஊர்களின் பெயர்களை வரிசையாக, கண்ணை மூடி, ராகத்தோடு.

சாமியாரின் டம்ளர் பாலாகவே இருந்தது. பஸ் நிறுத்தங்களின் டம்ளர் தெளிந்தது.

சாமியார் அவசரமாக ஒன்றுக்குப் போக வேண்டும் என்று எழுந்தார். பன்னிரண்டு ஆண்டுகள் மூச்சை அடக்கியவருக்கு அதை அடக்க முடியவில்லை. கொல்லைப் பக்கம் போனவர், கரும்புகை கக்கும் ஒரு டீசல் ஜீப்பில் ஊரைத் தாண்டிவிட்டதாகப் பிறகு தெரிந்தது.

அப்போதும் ஒருவர் எழுந்து, என்ன இருந்தாலும் நீல வில்லை வைத்த மாதம் வீட்டில் காஸ் மிச்சமானது பொய்யில்லையே என்று கேட்டார்.

"அடுப்ப அணைச்சீங்க, மிச்சமாச்சு," என்றார் கமலம். "அணைக்கறதுக்கு ஒரு ஆளு வந்து ஒங்கள ஏமாத்தணுமா?"

கேட்டவர் உட்கார்ந்தார். ஆனால் வில்லையைக் கீழே போடவில்லை. சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

மண்ணை நாக்கில் வைத்துப் பார்த்தே விலை பேசுகிறவர்கள், மனிதன் சொல்வதை மட்டும் மெல்லாமல் விழுங்கினார்கள். விழுங்கச் சொன்னவர் தப்பித்துப் போய்விட்டார், வயிறு இவர்களுடையது. எதைத் தொட்டுப் பார்க்காதே, எதைக் கேட்காதே என்று ஒருவன் சொல்கிறானோ, முதலில் அதைத் தொடுங்கள், அதைக் கேளுங்கள்.

அன்று மாலையே தொட்டிக்கான தீர்மானம் நிறைவேறியது. ராஜாங்கம் முன்மொழிந்தார். மார்ச் முடிவதற்குள் அரசாங்கப் பங்கு வந்தது. தொட்டி செப்டம்பரில் கட்டி முடிந்தது. இறுகிய பழைய படலத்தைக் கொத்தி எடுக்க வேண்டியிருந்ததால் அமிர்தம் அந்த ஆண்டு விதைக்கவில்லை. அடுத்த ஆண்டு அரை ஏக்கர் விளைந்தது.