டெரிக் ஓல்ட்ராய்ட் போட்ட பிட்ச்

மண்ணைப் பார்த்துக் கவலைப்படுகிறவர்கள் உலகத்தில் இரண்டு வகை. ஒருவர் விவசாயி. இன்னொருவர் கிரிக்கெட் பிட்ச் பண்டிதர். முதலாமவர் கவலைப்பட்டால் கிடைப்பது அறுவடை. இரண்டாமவர் கவலைப்பட்டால் கிடைப்பது அறுவை.

யார்க்‌ஷயரில், லீட்ஸுக்கு வடக்கே இருக்கும் ஹாதர்பி என்ற சிற்றூரில், இந்த இனத்தின் முழு வளர்ச்சி பெற்ற மாதிரி ஒன்று உண்டு. பெயர் டெரிக் ஓல்ட்ராய்ட். காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். டெஸ்ட் பார்க்கப் போனால் உணவு இடைவேளையில் எல்லாரும் பன்றிக்கறி அடைத்த பலகாரத்தைப் பிரிப்பார்கள். இவர் எல்லைக் கயிற்றருகே குந்தி உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கல்லெறி தூரத்துக்கு அப்பால் இருக்கும் பிட்சில் ஈரம் எத்தனை என்று கண்டுபிடிப்பார். வீட்டில் டெலிவிஷனுக்கு முன்னாலும் அதே குந்தல்தான். "டெரிக், உங்க முதுகுல விக்கெட் ஒண்ணும் விழலை, கொஞ்சம் நகருங்க" என்று அவர் மனைவி எனிட் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டாள்.

அவருடைய சித்தாந்தம் எளிது. இங்கிலாந்து அணி இந்தியாவுக்குப் போய் மூன்றே நாளில் மூட்டை கட்டினால் அது பிட்ச் இல்லை, புழுதிக்காடு, ஒட்டகம் படுக்கிற இடம், அந்த மைதானத்துக்கு இரண்டு வருஷம் தடை போட்டால்தான் புத்தி வரும். அதே இந்தியா இங்கே வந்து, பச்சைப் புல்லில் பந்து பாம்பாய்ச் சீற, மூன்று நாள்கூடத் தாங்காமல் சுருண்டால் அது உயிருள்ள பிட்ச், ஆம்பளையின் நெஞ்சுரத்தைச் சோதிக்கிற பிட்ச். இரண்டு பக்கமும் ஐந்நூறு ஐந்நூறாக அடித்து டிரா ஆனால் தார்ரோடு. பந்து போடுமுன் கிரீஸை விட்டு நழுவிய எதிரணிக்காரனை நம் பையன் ஸ்டம்பைத் தட்டி வெளியேற்றினால், "சட்டப் புத்தகத்தைப் படிங்க." நம் பையனை அவர்கள் அப்படி வெளியேற்றினால், "ஆட்டத்தோட மாண்பே செத்துப்போச்சு."

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இந்தப் பழமொழி யார்க்‌ஷயரில் கிடையாது. அந்த ஆள் மட்டும் உண்டு.

இவருக்கு ஒரு ஜோடி வேண்டாமா? கடவுள் அனுப்பினார். டாக்டர் மோரேஷ்வர் தேஷ்கர், நாக்பூரிலிருந்து வந்து ஹாதர்பியின் பாதிப் பற்களைப் பிடுங்கியவர். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பப்பில் இருவரும் எதிரும் புதிருமாய் உட்கார்ந்தால் பக்கத்து மேசைக்காரர்கள் கோப்பையோடு இடம் மாறிவிடுவார்கள்.

"மூணு நாள்ல முடியற டெஸ்டுக்கு அஞ்சு நாள் டிக்கெட் எதுக்கு விக்கிறாங்க உங்க ஊர்ல?" என்று தொடங்குவார் டெரிக்.

"போன ஜூன்ல இங்க ரெண்டரை நாள்ல முடிஞ்சுதே, அப்ப எங்க போயிருந்தீங்க?"

"அது வேற."

"எப்படி வேற?"

"மேகம் இருந்துச்சு டாக்டர்."

"ஓஹோ! உங்க ஊர்ல மேகம் பண்ணினா இயற்கை, எங்க ஊர்ல வெயில் பண்ணினா சதியா?"

டாக்டர் நியாயஸ்தர் என்று நினைத்துவிடாதீர்கள். இந்தியா புல்லில் சறுக்கி விழுந்த மறுநாள் அவரும், "இது ஆடுகளம் இல்லை, ஆடு மேய்ற களம்" என்றுதான் வந்து உட்காருவார். "அது வேற" என்பது இந்த இனத்தின் தேசிய கீதம். எழுந்து நின்று பாடாததுதான் பாக்கி.

இப்படியே போயிருந்தால் யாருக்கும் சேதமில்லை. ஆனால் செப்டம்பரில், ஹாதர்பி கிளப்பின் கடைசி ஆட்டத்துக்கு முந்திய வாரம், மைதானத்தைப் பராமரிக்கிற ஆல்ஃப் குடலிறக்க ஆபரேஷனுக்குப் படுத்துவிட்டார். பக்கத்து ஊரோடு ஆட்டம். தோற்றால் கிளப் கீழ்ப் பிரிவுக்கு இறங்கவேண்டும்; அப்படி இறங்கியதாகச் சரித்திரமே இல்லை. கிளப் தலைவி ஹில்டா பிராம்லி நேரே பப்புக்கு வந்து இவர்கள் மேசையருகே நின்றாள்.

"முப்பது வருஷமா வாயாலேயே பிட்ச் போட்டீங்க. இந்த ஒரு வாரம் கையால போடுங்க. ரெண்டு பேரும்தான். டிரா ஆனாலே நாம பிழைச்சோம். செத்த பாம்பு மாதிரி ஒரு பிட்ச் போதும் எனக்கு. புரியுதா?"

"புரியுது ஹில்டா" என்றார் டெரிக். காது கேட்டது. மனசு கேட்கவில்லை. தார்ரோடா? டெரிக் ஓல்ட்ராய்டா? அன்று வீடு திரும்பும்போது அவர் தோள்கள் இரண்டு அங்குலம் அகன்றிருந்ததாக எனிட் பிற்பாடு சொன்னாள்.

திங்கட்கிழமை புது ரப்பர் பூட்ஸோடு வந்து நின்றார். டாக்டர் துடைப்பத்தோடு வந்திருந்தார்.

"புல்லை விடுவோம். தண்ணி காட்டுவோம். பந்து பேசணும்" என்றார் டெரிக்.

"புல்லைச் சிரைப்போம். வெயில்ல காயவிடுவோம். பந்து திரும்பணும்" என்றார் டாக்டர்.

தலைவி கேட்ட செத்த பாம்பை அடிக்க இருவருக்குமே மனமில்லை. மத்தியானம் வரை வாய்ச்சண்டை. அப்புறம், அண்ணன் தம்பி சொத்துப் பிரிப்பது போல, பிட்சை நடுவில் பிரித்துக்கொண்டார்கள். சாலைப் பக்கத்துப் பாதி டெரிக்குக்கு, தேவாலயப் பக்கத்துப் பாதி டாக்டருக்கு. வாரம் முழுக்க ஒருவர் தண்ணீர் ஊற்றினார். ஒருவர் வழித்துப் பெருக்கி, தூறல் விழுந்தால் தார்ப்பாய் போட்டு மூடினார். வெள்ளிக்கிழமை டாக்டரின் பாதியில் விரல் நுழைகிற விரிசல். டெரிக்கின் பாதியில் ஒரு முயல்.

சனிக்கிழமை காலை கிளப் கேப்டன் ஸைமன் வந்து பார்த்தான். டெரிக்கின் மகள் ஜில்லைக் கட்டியவன்.

"டெரிக், இது ஒரு பிட்சா, ரெண்டு பிட்சா?"

"ஒரு முனை லீட்ஸ், ஒரு முனை நாக்பூர். உலகத்துல எவனும் போட்டதில்லை."

"எவனும் ஏன் போடலைன்னு யோசிச்சீங்களா?"

"நல்ல ஆட்டக்காரனுக்கு எல்லா பிட்சும் ஒண்ணுதான்டா. போய்ப் பாடை... சே, பேடைக் கட்டு!"

டாஸில் தோற்றார்கள். முதலில் மட்டை பிடிக்க அனுப்பப்பட்டார்கள். சாலை முனையில் பந்து விலாவைத் தேடி வந்தது. தேவாலய முனையில் கணுக்காலைத் தேடி உருண்டது. ஒரு பந்து மேலே, ஒரு பந்து கீழே. பாதி அணி பெவிலியனுக்குத் திரும்பியபோதும் டெரிக், "பாருங்க, எப்படிப் பேசுதுன்னு!" என்று டாக்டரின் தொடையைத் தட்டிக்கொண்டிருந்தார். ஸைமன் மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். மித வேகக்காரன் பந்து போட வந்ததும், இவனுக்கு எதற்கு என்று தலைக்கவசத்தைக் கழற்றிக் கொடுத்தான். அடுத்த பந்து தேவாலய முனை விரிசலில் பட்டு நெட்டுக்குத்தாய் எழும்பி வாயில் அடித்தது.

அம்பயர்கள் இருவரும் குந்தி உட்கார்ந்து பிட்சைப் பார்த்தார்கள். ஒருவர் விரிசலில் பேனாவை விட்டார்; பேனா நின்றது. ஆட்டம் ரத்து. ஆபத்தான பிட்ச் தந்ததற்காக ஹாதர்பியின் புள்ளிகள் பறிபோயின. சரித்திரத்தில் முதல் முறையாகக் கிளப் கீழே இறங்கியது.

பெவிலியன் பெஞ்சில் ஸைமன் துணியை வாயில் அழுத்திக்கொண்டு கிடந்தான். டாக்டர் குனிந்து வாயைத் திறந்து பார்த்தார். "ம்... மேல வரிசையில விரிசல். வலப் பக்கம் ரெண்டு ஆடுது."

டெரிக் மருமகனின் தோளில் கை வைத்தார். ஆறுதலாய் ஒரு வார்த்தை சொல்லத்தான் நினைத்தார். நாக்கு பழகிய தடத்தில்தானே ஓடும்?

"முன்னங்காலை இன்னும் கொஞ்சம் நீட்டியிருக்கலாம்ப்பா."

ஜில் திரும்பினாள். "அப்பா."

"இல்லம்மா, நுட்பமாச் சொல்றேன்..."

"அவன் பல்லு என் கைக்குட்டையில இருக்கு. நீங்க நுட்பம் பேசறீங்க. ஞாயித்துக்கிழமை சாப்பாட்டுக்கு வராதீங்க. அதுக்கு அடுத்த ஞாயிறும் வேண்டாம். நானே கூப்பிடறேன்."

அன்று மாலை பப்பில் டெரிக் தனியாய் உட்கார்ந்திருந்தார். கோப்பையில் நுரை அடங்கிப்போயிருந்தது. எவரும் அவரிடம் பேசவில்லை. ஹில்டா அவர் பக்கம் திரும்பக்கூட இல்லை. ஸைமனின் சட்டையில் வழிந்த சிவப்பு கண்ணை விட்டுப் போகவில்லை. 'நாம்தானே செய்தோம்' என்று ஒரு நினைப்பு மெல்லத் தலை தூக்கியது. தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. யாராவது அந்த நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் சொல்லியே இருப்பார்.

உட்கார்ந்தது டாக்டர்.

"அம்பயருக்கு அவசரம் டெரிக். ஒரு மணி நேரம் பொறுத்திருந்தா பிட்ச் அமைதியாயிருக்கும்."

டெரிக் நிமிர்ந்தார். "அதையேதான் நானும் நினைச்சேன்."

"பந்தும் சரியில்லை. தையல் புடைச்சிருந்துது."

"ஆல்ஃப் அடியில போட்ட களிமண்ணே தப்பு."

"டாஸ் ஜெயிச்சிருந்தா?"

"அவங்க பல்லு போயிருக்கும்!"

முப்பது வருஷத்தில் முதல் முறையாக இருவருக்கும் எல்லாவற்றிலும் கருத்து ஒன்றாயிருந்தது. டெரிக் இன்னொரு கோப்பை வாங்கி வந்தார். தொண்டை வரைக்கும் வந்தது பீரோடு சேர்ந்து கீழே போய்விட்டது. ஜில் கிறிஸ்துமஸுக்குத்தான் கூப்பிட்டாள். அவர் போனார், பேசாமல் சாப்பிட்டார், ஸைமனின் புதுப் பற்களைப் பார்க்காமல் பட்டாணியையே பார்த்துக்கொண்டிருந்தார். அது எவ்வளவு கஷ்டம் என்று வேறொரு பண்டிதருக்குத்தான் தெரியும்.

என்ன, சிரிப்பு வருகிறதா? இதைப் படிக்கும்போதே, "எங்க தெருவுலயும் இப்படி ஒருத்தர் இருக்கார்" என்று உங்களுக்கு ஒரு முகம் ஞாபகம் வந்திருக்கும். அந்த மனிதரும் இதைப் படிப்பார். அவருக்கும் உடனே ஒரு முகம் ஞாபகம் வரும்.

யாருடைய முகம் என்று நினைக்கிறீர்கள்?